சூரியக் காற்று: பெயர் வந்த வழி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் ஆடி மேல்காற்று கிளம்பிவிட்டால், மாடியில் வற்றல் காயப்போட்ட துணியின் நான்கு மூலைக்கும் கல் வைத்தாக வேண்டும். நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்றோ அந்த வற்றலில் ஒன்றைக்கூட அசைக்காது. பூமிக்கு அருகில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்தான். பிறகு அது எப்படிக் ‘காற்று’ ஆயிற்று?

வால்நட்சத்திரத்தின் வாலைச் சூரியனுக்கு எதிர்ப்புறமாகத் தள்ள ஒளியின் அழுத்தம் மட்டும் போதாது, சூரியனிலிருந்து துகள்களும் வருகின்றன என்று 1951இல் சொன்னவர் ஜெர்மானியரான லுட்விக் பியர்மான். அன்று அதற்குச் ‘சூரியத் துகள் கதிர்வீச்சு’ என்று பெயர். சிகாகோவில் யூஜின் பார்க்கர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூரியனின் புறமண்டலம் அடங்கிக் கிடக்காது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஒரே பாய்ச்சலாக வெளியேறும் என்று விடை வந்தது. கதிர்வீச்சு என்ற பெயர் பாய்ச்சலுக்குப் பொருந்தவில்லை. ‘காற்று’ என்றார்.

1958இல் இதைக் கட்டுரையாக எழுதி ‘ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ இதழுக்கு அனுப்பினார். படித்த மதிப்பீட்டாளர்கள் இருவரும் வேண்டாம் என்றார்கள். இதழின் ஆசிரியர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கே பார்க்கரின் முடிவு பிடிக்கவில்லை. ஆனாலும் கணக்கில் பிழை காணாததால் அச்சேற்றினார். என்னைக் கேட்டால், இந்தப் பெயரின் கதையில் பெரிய மனிதர் அவர்தான். 1962இல் வெள்ளிக்குப் போகும் வழியில் மாரினர்-2 விண்கலம் அந்தப் பாய்ச்சலை அளந்தே காட்டிவிட்டது.

தமிழில் வீசுவதும் காற்று, மூச்சுக்கு இழுப்பதும் காற்று. அதனால் சூரியன் ஏதோ வாயுவை ஊதுகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வருவது புரோட்டானும் எலக்ட்ரானும், அவற்றோடு இழுபட்டு வரும் காந்தப்புலமும். பூமியின் காந்தப்புலம் அதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடுகிறது. செவ்வாய்க்கு அந்தக் காப்பு இல்லை. அங்கே மேல் வளிமண்டல அணுக்களைப் புற ஊதாக்கதிர் மின்னேற்றம் செய்ய, சூரியக் காற்றின் புலம் அவற்றை வாரிக்கொண்டு போகிறது. நொடிக்குச் சுமார் 100 கிராம் என்று மேவன் விண்கலத்தின் அளவீட்டைக் கொண்டு 2015இல் அறிவித்தார்கள். வேலையைப் பார்த்தால் காற்று என்ற பெயர் தகும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல் என்று புறப்படும் இடத்தால் பெயரிட்டவர்கள் நாம்; சூரியனிலிருந்து வருவது சூரியக் காற்று.

பத்திரிகைகள் இதையே ‘சூரியப் புயல்’ என்று எழுதுவதைத்தான் நிறுத்த வேண்டும். புயல் எப்போதாவது வெடித்து வருவது. இது ஓயாமல் வீசுவது. இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம் இதைத் தினமும் அளந்துகொண்டிருக்கிறது.