இனச்சுழற்சியில் ஆறு இடங்கள்: அருந்ததியர் உள்ஒதுக்கீட்டை எதைக்கொண்டு அளப்பது?

தமிழக அரசுப் பணி நியமனத்துக்கான இனச்சுழற்சிப் பட்டியலில் 200 இடங்கள் உண்டு. பிற்படுத்தப்பட்டோரின் 30 விழுக்காடு 26.5 என்றும் இசுலாமியருக்கு 3.5 என்றும் பிரிந்தபின் அரை விழுக்காட்டை நூற்றுக்குள் அடக்க முடியாதல்லவா? அந்த 200இல் பட்டியல் சாதியினருக்கு 36. அதற்குள் அருந்ததியருக்கு 6. உள்ஒதுக்கீட்டு விவாதம் ஒற்றுமை, பிளவு என்ற சொற்களிலேயே சுற்றுகிறது. இந்த ஆறில் தொடங்கினால் வேறொரு சிக்கல் தெரியும்.

நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழு பரிந்துரைத்து 2009இல் வந்த சட்டம், பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டில் நூற்றுக்குப் பதினாறை அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, பகடை, தோட்டி உள்ளிட்ட ஏழு சாதிகளுக்கு முன்னுரிமையாகத் தந்தது. கணக்குப்படி 2.88 விழுக்காடு, நடைமுறையில் 3. இந்த 'முன்னுரிமை'யால், ஒரே பணியிடம் உள்ள துறையில் பட்டியல் சாதியினரின் முதல் முறை அருந்ததியருக்கே போய்விடுகிறது என்பது பிற பட்டியல் சாதியினரின் குறை. குறை பொய்யல்ல. ஆனால் நோய் உள்ஒதுக்கீட்டில் இல்லை, துறைதோறும் தனிச் சுழற்சி வைப்பதில் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததுபோல நிறுவனம் முழுவதையும் ஓரலகாகக் கொண்டால் பூசல் பெரிதும் தணியும்.

இன்னொன்றுதான் கடினம். பதினாறு என்பது பட்டியல் சாதியினருள் இவர்களின் மக்கள்தொகைப் பங்கை ஒட்டிய எண். தலைக்கணக்கு போதுமா? ஒரு மாநகராட்சியின் ஊழியர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் கையுறையும் துடைப்பமுமாக வருகைப் பதிவுக்கு நிற்பவர்களையும் சேர்த்து எண்ணினால், அருந்ததியருக்குப் பங்குக்கு மேலேயே 'பிரதிநிதித்துவம்' கிடைத்திருப்பதாகக் கோப்பு சொல்லும். பொறியாளர் அறையில் எத்தனை பேர் என்று அதே கோப்பைக் கேட்டால்தான் உண்மை வரும். தவிந்தர் சிங் வழக்கில் (2024) உட்பிரிவை ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் முதன்மைத் தீர்ப்பும், எண்ணிக்கையை விடுத்துப் பயனுள்ள பிரதிநிதித்துவத்தையே பார்க்கச் சொல்கிறது. வன்னியருக்கான 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2022இல் வீழ்ந்ததற்கும், பழைய தரவையும் மக்கள்தொகையையும் மட்டும் நம்பியது ஒரு முக்கியக் காரணம்.

தகுதியுள்ள அருந்ததியர் இல்லையெனில் அவ்விடம் பிற பட்டியல் சாதியினருக்குப் போகும் என்கிறது சட்டம். இடம் வீணாகாமல் காக்கும் நல்ல விதிதான். ஆனால் ஆறு முறைகளில் எத்தனை அப்படிக் கைமாறின, எந்தப் பதவி நிலையில் மாறின என்பதை அரசு ஆண்டுதோறும் துறைவாரியாக வெளியிட வேண்டும். எழுத்தர் பணியில் ஆறும் நிரம்பி, விரிவுரையாளர் பணியில் கைமாறியிருந்தால், அடுத்த கேள்வி விழுக்காட்டை உயர்த்துவதா என்பதல்ல. முதுகலை விடுதியிலும் ஆய்வு உதவித்தொகையிலும் யார் விடுபட்டார்கள் என்பதே.