விரைவும் காப்பும்: ஹாஷ் சார்புகளின் வரலாற்றில் ஒரு திருப்பம்

ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 சனவரியில் எழுதிய உள்குறிப்பு ஹாஷ் முறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஒரு சொல்லைக் கணக்கிட்டு எண்ணாக்கி, அவ்வெண் சுட்டும் அறையில் வைப்பது. தேடும்போது நேரே அவ்வறைக்குச் செல்வது என்பதே அதன் அடிப்படை. இரு சொற்கள் ஓரறையில் விழுமாயின் அது மோதல் எனப்படும். பின்வந்த அரை நூற்றாண்டில் நிரல் நூலகங்களை உருவாக்கியோர், ஹாஷ் சார்பொன்றை அதன் விரைவையும் சொற்களைச் சீராகப் பரப்பும் தன்மையையும் கொண்டே மதிப்பிட்டனர். சொற்களைத் தருபவன் பகைவனாகவும் இருக்கலாம் என்பது அம்மதிப்பீட்டில் இடம்பெறவில்லை.

அவ்விடுபாட்டை ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் ஆகியோர் 2003இல் வெளிப்படுத்தினர். சார்பு யாவரும் அறிந்ததாயின், ஓரறையிலேயே விழும் சொற்களைத் தேர்ந்து அனுப்ப இயலும். அத்தகைய 10,000 சொற்களைச் சேர்க்க ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகள் வேண்டும். பெர்ல் மொழி அவ்வாண்டே தன் சார்பைத் திருத்திக்கொண்டது. பிற மொழிகள் பல வாளாவிருந்தன. 2011 திசம்பரில் பெர்லின் மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியான் வெல்டே இருவரும் பிஎச்பி, ஜாவா, பைத்தான் முதலியவற்றில் இதே குறை நிலவுவதைக் காட்டினர். எட்டாண்டுகள் கழிந்தமைக்கு அறியாமையைக் காரணமாகக் கூற இயலாது.

பைத்தான் 2012இல், 3.3ஆம் பதிப்பு முதல், ஒவ்வோர் இயக்கத்திலும் மாறும் மறைவெண்ணை இயல்பாகவே சார்பில் சேர்த்தது. இதனால் பொருள்களின் வரிசையும் மாற, அவ்வரிசையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் இடறின. அந்நம்பிக்கைக்கு முன்னரும் உறுதியான அடிப்படை இல்லை. எனினும் பழைய சார்பின் கலக்கும் ஆற்றல் குறைவாதலின், மறைவெண்ணையே மீட்டெடுக்க முடிந்தது. விரைவுக்குப் பெயர்பெற்ற முர்மர் சார்பிலோ, மறைவெண் எதுவாயினும் மோதும் சொற்களை ஆக்க முடிந்தது.

இவற்றை நிறுவியோருள் முதன்மையான ழான்-பிலிப் ஓமாசோன், டேனியல் பெர்ன்ஸ்டைன் ஆகியோரே 2012இல் சிப்ஹாஷ் சார்பையும் வடிவமைத்தனர். 128 பிட் திறவுகோலும் 64 பிட் விடையும் கொண்ட இது, குறுஞ்சொற்களுக்கும் விரைவாக இயங்குமாறு அமைந்தது. 2014இல் வெளிவந்த பைத்தான் 3.4 இதனை ஏற்றது. பழைய சார்பு ஓரோர் அலகாகக் கலக்க, சிப்ஹாஷ் எட்டெட்டு பைட்டுகளாகக் கலந்தமையால் காப்பு கூடியும் விரைவு பெரிதும் குன்றவில்லை. 2022இல் வெளியான 3.11ஆம் பதிப்பில் கலக்கும் சுற்றுகள் இரண்டிலிருந்து ஒன்றாகவும், முடிவுச் சுற்றுகள் நான்கிலிருந்து மூன்றாகவும் குறைக்கப்பட்டன.

ரஸ்ட் மொழியின் நூலகமும் சிப்ஹாஷையே இயல்பாக வழங்குகிறது. ஆனால் அம்மொழியின் தொகுப்பி, பகைவர் உள்ளீட்டை அஞ்ச வேண்டாத தன் அகப் பணிகளுக்குத் திறவுகோலற்ற விரைவுச் சார்பொன்றையே கையாள்கிறது.