பத்துக் கேள்விகள் வந்த வழி

எம்.டி. இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த தீசிஸ் தலைப்பு சொரியாசிஸ். தோல் ஓ.பி.யில் என் மேசைமேல் ஆளுக்கு இரண்டு தாள் இருக்கும். முதல் தாள் நான் நிரப்புவது. தலை, கை, உடம்பு, கால் என்று பிரித்து, சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, செதில் எவ்வளவு, எவ்வளவு இடம் பரவியிருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். இரண்டாவது தாளில் தமிழில் அச்சடித்த பத்துக் கேள்விகள். அதை நோயாளி நிரப்ப வேண்டும்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா வந்தார். நோய் இரண்டு உள்ளங்கையிலும் மட்டும். என் தாளில் அவருக்கு 72க்கு 1.8. லேசான நோய் என்று எழுதினேன். அவருடைய தாளைக் கூட்டினால் 30க்கு 19. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். "பொடவைய விரிச்சுக் காட்டுற கை டாக்டரம்மா இது. பாத்தவங்க எந்திரிச்சுப் போயிடுறாங்க. மொதலாளி என்னைய குடோனுக்கு மாத்திட்டாரு" என்றார். அன்று ராத்திரியே அந்த இரண்டாம் தாளின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

இரண்டில் முதல் தாள்தான் மூத்தது. ஒரு புதிய மாத்திரை கடுமையான சொரியாசிஸைக் குறைக்கிறதா என்று அளக்க, 1978இல் ஸ்வீடனில் ஃபிரெட்ரிக்சன், பெட்டர்சன் என்ற இருவர் போட்ட கணக்கு அது. பாசி என்போம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் நல்ல கருவிதான். ஆனால் குடோனுக்குப் போன கதை அதில் ஏறாது. அதற்கும் இரண்டு வருடம் முன்பு, 1976இல், இங்கிலாந்தில் ரே ஜோப்ளிங் என்ற சமூகவியலாளர், சொரியாசிஸ் வந்தவர்களிடமே கேள்வித்தாள் கொடுத்து அவர்கள் படும் பாட்டை எழுதி வாங்கி, ஒரு தோல் மருத்துவ இதழில் கட்டுரையாக்கினார். அவருக்கே சொரியாசிஸ் உண்டு. இந்த வரலாற்றை நான் அவரிடமிருந்துதான் தொடங்குவேன்.

பதினெட்டு வருடம் கழித்து, 1994இல், அதே இதழில் வந்தது டி.எல்.க்யூ.ஐ. என்கிற அந்தப் பத்துக் கேள்வி. வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் ஆண்ட்ரூ ஃபின்லே, குல் கரீம் கான் இருவரும் செய்த வேலை. பல வகைத் தோல் நோய்கள் கொண்ட 120 பேரிடம், இந்த நோயும் இதற்கான வைத்தியமும் உங்கள் வாழ்க்கையை என்ன செய்கின்றன என்று கேட்டார்கள். வந்த பதில்களிலிருந்தே கேள்விகளைச் செய்தார்கள். அரிப்பு, வெட்கம், கடைக்குப் போவது, உடுத்தும் துணி, வேலை, படிப்பு, உறவு எல்லாம் அப்படி வந்தவை. தோட்ட வேலைகூட உண்டு. கார்டிஃப்காரர்கள் சொன்னது, நம் ஊர்த் தாளிலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது பத்தாவது கேள்வி. வைத்தியமே உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு, வீடு அழுக்காகிறதா, நேரம் போகிறதா என்று அது கேட்கிறது. தார்க் களிம்பு நாற்றத்தோடு தலையணையைத் துவைத்துத் துவைத்து அலுத்தவர் ஒருவர் சொல்லாமல் எந்த டாக்டருக்கும் இது தோன்றியிருக்காது.

பிறகு 200 புது நோயாளிகளிடமும் நோயில்லாத 100 பேரிடமும் தாளைக் கொடுத்தார்கள். 53 பேரை ஒரு வாரம் விட்டு மறுபடி நிரப்பச் சொல்லி, பதில் மாறாமல் நிற்கிறதா என்றும் பார்த்தார்கள். கரப்பான், சொரியாசிஸ், உடம்பெல்லாம் அரிப்பு ஆகியவை முகப்பருவையும் மருவையும்விட வாழ்க்கையை அதிகம் அலைக்கழிக்கின்றன என்று தெரிந்தது. தோல் புற்றில் ஒரு வகைகூட அந்த அரிப்புக்குப் பின்னால்தான் நின்றது. எத்தனை மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது 2005இல்தான் முடிவானது: 10க்கு மேல் போனால் மிகப் பெரிய பாதிப்பு. என் ஜவுளிக்கடை அக்கா 19. இங்கிலாந்தில் சொரியாசிஸுக்கான விலை உயர்ந்த ஊசிகளைக் கொடுப்பதற்கு, பாசியோடு இந்த மதிப்பெண்ணையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

அடுத்து வந்த ஆய்வாளர்கள் அதே வழியில் போனார்கள். நாட்டிங்காமில் கரோலின் சார்மன் குழு 2004இல் கரப்பானுக்கென்று ஏழு கேள்விகள் செய்தது. ராத்திரி தூக்கம் எத்தனை நாள் கெட்டது என்பது அதில் ஒன்று. கார்டிஃபிலேயே முகம்மது பஸ்ரா நோயாளியின் வீட்டாரிடம் பேசி, 2007இல் குடும்பத்துக்கென்று தனியாகப் பத்துக் கேள்விகள் கொண்டுவந்தார்.

ஆனால் என் மேசைமேல் இருந்த அந்த டி.எல்.க்யூ.ஐ. தாளில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மூன்றாவது கேள்வியிலிருந்து பத்தாவது வரை ‘பொருந்தாது’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் பூஜ்யம். வெண்புள்ளி வந்து நிச்சயம் நின்றுபோன பெண், துணைவரைப் பற்றிக் கேட்கும் இடத்தில் பொருந்தாது என்றுதான் போடுவாள். கல்யாணம் பற்றி அந்தத் தாளில் ஒரு கேள்வியும் இல்லை. குளத்தில் இறங்காதே என்று ஊர் தடுத்த பையன், விளையாட்டுக்கும் பொருந்தாது என்பான். யார் வாழ்க்கை அதிகம் பறிபோனதோ அவருக்கே மதிப்பெண் குறைகிறது. புடாபெஸ்டில் ஃபன்னி ரென்ட்ஸ் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதைக் கவனித்து, பொருந்தாது என்ற பதில்களையும் கணக்கில் எடுக்கும் புதிய சூத்திரத்தை 2018இல் முன்வைத்தார்கள். என் தீசிஸ் காலத்தில் இந்தச் சூத்திரம் இல்லை. நான் கூட்டிய பல தாள்களில் அந்தப் பூஜ்யங்கள் அப்படியே கிடக்கின்றன.

இந்த வருடம் தீசிஸ் தொடங்கும் தம்பி, தங்கைகளே, பொருந்தாது என்ற கட்டத்தில் டிக் விழுந்தால் அடுத்த தாளை எடுக்காதீர்கள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, ஏன் பொருந்தாது என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தாளின் பின்பக்கத்தில் அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.