கார்ட்டூன் குடும்பத்தில் இல்லத்தரசியின் ஸ்தானம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில், குடும்பத்தார் யாவரும் இரவில் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதற்கென்று எழுந்த கார்ட்டூன் ஹாஸ்யத் தொடர்களுக்கு மூலமாக விளங்கியது, ஹன்னா-பார்பரா நிறுவனத்தார் 1960 செப்டம்பரில் தொடங்கிய 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்'. கதை கற்காலத்தில் நடப்பதாகப் பெயரே தவிர, தோலாடையையும் கல் சக்கர வண்டியையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது, கணவன் சம்பாதிக்கப் போக மனைவி சமைத்து வைத்துக் காத்திருக்கும் அக்காலத்து அமெரிக்கப் புறநகர் இல்லறமே. ஆரம்ப ஆண்டுகளில் தொடருக்குப் பணம் கொடுத்து ஆதரித்தது வின்ஸ்டன் சிகரெட். அதன் விளம்பரமொன்றில், மனைவியர் வில்மாவும் பெட்டியும் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டியும் விரிப்பைத் தட்டியும் பாடுபட, அதைக் கண்கொண்டு பார்க்கச் சகியாதவர்களான ஃபிரெடும் பார்னியும், கை கொடுப்பதை விட்டுவிட்டு, அந்தக் காட்சி கண்ணில் படாத வீட்டின் பின்புறத்துக்குப் போய்ப் புகைக்கிறார்கள். பெண்ணின் உழைப்பையும் அதிலுள்ள அநீதியையும் ஹாஸ்யம் அறிந்தே இருந்தது. அறிந்ததோடு தன் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டது.

1962-இல் வந்த 'ஜெட்ஸன்ஸ்' நூறாண்டு கடந்த எதிர்காலத்தைச் சித்திரித்தது. வான ஊர்தியையும் ரோஸி என்ற யந்திர வேலைக்காரியையும் கற்பித்த அந்த வளமான கற்பனைக்கு, குடும்பத் தலைவி ஜேனுக்கு ஓர் உத்தியோகம் கற்பிக்க மட்டும் தோன்றவில்லை. தொடக்கப் பாடலில் கணவன் நீட்டும் நோட்டை விட்டுவிட்டு அவன் பணப்பையையே அவள் எடுத்துக்கொண்டு போகிறாள்.

இல்லத்தரசியரின் மனக்குமுறலை ஆராய்ந்த பெட்டி ஃப்ரீடனின் 'தி ஃபெமினின் மிஸ்டிக்' பிரசுரமான அதே 1963 பிப்ரவரியில்தான் வில்மா பெப்பிள்ஸைப் பெற்றெடுத்தாள். ஆண் குழந்தையாக உத்தேசிக்கப்பட்டிருந்த அச்சிசு, பெண்ணானால் பொம்மை நன்றாக விற்கும் என்ற வியாபார யோசனையால் பெண்ணாயிற்று என்பது நிறுவனத்தாரில் ஒருவரான பார்பராவே பிற்காலத்தில் சொன்ன செய்தி.

பெண் விடுதலைப் பேச்சு வலுத்த பிறகு, 1972-இல் அதே நிறுவனத்தார் தயாரித்த 'வெயிட் டில் யுவர் ஃபாதர் கெட்ஸ் ஹோம்' தொடரில், அந்தப் பேச்சு மகள் ஆலிஸின் வாயில் வைக்கப்பட்டது. தாய் தன் இடத்தில் இருக்க, எதிர்ப்பு மகளுக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஏற்பாடே 1989 டிசம்பரில் தொடங்கிய 'ஸிம்ஸன்ஸ்' தொடரிலும் மார்ஜ், லிஸா என்னும் இருவரிடையே நிலைபெற்றது. 1992-இல் கணிதம் கடினம் என்று பேசிய பார்பி பொம்மை ஒன்று எழுப்பிய கண்டனத்தைத் தழுவி, 1994-இல் எழுதப்பட்ட கதையில், அசட்டு வசனம் பேசும் மாலிபு ஸ்டேஸிக்குப் போட்டியாக லிஸா அறிவுள்ள பொம்மை ஒன்றைச் செய்விக்கிறாள். கடை திறந்ததும் அதை நோக்கி ஓடிவரும் கூட்டம், பழைய ஸ்டேஸி புதுத் தொப்பியுடன் வந்திருப்பதைக் கண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. பெப்பிள்ஸின் பிறப்பைத் தீர்மானித்த சந்தையையே பரிகாசப் பொருளாக்கிய அளவில் இது மெய்யான முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

மார்ஜின் கதியோ வேறு. 1992-இல் ஒளிபரப்பான ஒரு கதையில், வீட்டு வேலைகளால் நொந்திருக்கும் அவள்மீது காரில் குழந்தையின் பால் சிந்தவே, பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டு நகர மறுக்கிறாள். இருபுறமும் போக்குவரத்து ஸ்தம்பிக்கிறது. ஓய்வு விடுதிக்குப் போய்த் திரும்பும்போது, இனி உதவுவதாகக் குடும்பத்தார் வாக்களிக்கிறார்கள். அடுத்த வாரம் அந்த வாக்குறுதி எவர் நினைவிலும் இல்லை. 1995-இல் அவள் போலீஸ்காரியாகிறாள். கதை முடிவதற்குள் ராஜினாமாவும் செய்துவிடுகிறாள். ஒவ்வொரு வாரமும் குடும்பம் பழைய நிலைக்கே மீள வேண்டும் என்ற இவ்வகைத் தொடரின் விதி, எந்தக் கணவனையும்விடக் கண்டிப்பாக அவளை அடுக்களையில் நிறுத்தி வைத்தது.

எழுதியவர் யார் என்பதையும் புறக்கணிப்பதற்கில்லை. ஒளிபரப்பான முதல் ஸிம்ஸன்ஸ் கதையை எழுதியவர் மிமி பாண்ட் என்ற பெண்மணி. அவரை எழுத்தாளர் குழுவில் சேர்த்துக்கொள்ளவில்லை. கணவனோடு உணவுக்கடையில் சரிநிகராக உழைக்கும் தாயைக் காட்டிய 'பாப்ஸ் பர்கர்ஸ்' 2011-இல் வந்தபோது, அதன் கதைகளை எழுதியோரில் வெண்டி, லிஸி மாலினோ சகோதரியரும் இருந்தனர். அவ்விருவரும் மின்டி லூயிஸுடன் சேர்ந்து 2021-இல் படைத்த 'தி கிரேட் நார்த்', தாய் வீட்டை விட்டுப் போய்விட்ட பிறகு, அலாஸ்காவில் நான்கு பிள்ளைகளைத் தந்தையே வளர்ப்பதாகத் தொடங்குகிறது.