குடியும் குருதியும்

மாந்தரின் மணவுறவை வகுப்பது குருதியா, மரபா என்னும் வினா அறிஞரிடை நெடுங்காலமாக நிலவுவதாகும். இதனை ஆராய்தற்கு ஈழத்தின் கீழ்க்கரையிலுள்ள கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் சிறந்த களமாக அமைகின்றன.

இவ்வூர்ச் சோனகரிடையும் அயற்றமிழரிடையும் குடிமுறை தொன்றுதொட்டு வழங்கி வந்தது. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர். ஒரே குடிக்குள் மணம் விலக்கப்பட்டது. பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் அமர்ந்தனர். கோயில்களிலும் குடிகளுக்கு உரிமைகள் இருந்தன.

உயிரணுவின் இழைமணியிலுள்ள 37 பரம்பரையலகுகளும் தாய்வழியே இறங்குவன என்பது இற்றை அறிவியலின் முடிபு. மகன் அவற்றைப் பெறுவான். தன் மக்களுக்கு வழங்கான். குடியும் அத்தகையதே. எனவே, குடி என்பது குருதியின் நிழலே எனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. மாமன் மகள், மாமி மகள், பெரியதாய் மகள், பெரியதந்தை மகள் ஆகிய நால்வரும் ஒருவனுடன் சராசரியாக 1/8 பங்கு பரம்பரையலகுகளைப் பகிர்பவர்கள். குருதியளவில் இவரிடை வேறுபாடில்லை. இஸ்லாமியச் சட்டமும் நால்வரையும் மணக்க இடந்தருகின்றது. ஆயினும் கீழ்க்கரைச் சோனகர் மரபு முன்னிருவரை மச்சாள் என மணத்துக்குரியராகவும், பின்னிருவரை உடன்பிறந்தாராகவும் கொண்டது. அயற்றமிழர் மரபும் இதுவே.

குழவிப்பருவந்தொட்டு ஒருங்கு வளர்ந்தோரிடை மணவிருப்பு எழுவதில்லையென 1891 இல் வெஸ்டர்மார்க் எழுதினார். மகளிர்க்கு மனையும் வளவும் சீதனமாகத் தாய்மனையின் அருகே அமைவதால், சகோதரிகளின் மக்கள் ஒரு முற்றத்தில் வளர்வர். மணமான ஆண்மகனோ மனைவியின் வீடேகுவான். பெரியதாய் மகளை விலக்கியதற்கு இக்கொள்கை ஓரளவு பொருந்தும். ஆனால், பெரியதந்தை மகள் வேறு மனையில் வளர்பவள். அவளும் விலக்கப்பட்டமைக்கு இது விடையாகாது. முறைப்பெயரும் அதனைப் போற்றிய சமூகமுமே அதற்கு விடையாகும்.

ஆண்களின் மணப்பிணைப்புக்கும் ஒரு பரம்பரையலகுக்கும் தொடர்புண்டெனச் சுவீடன் நாட்டு இரட்டையரிடை நிகழ்ந்த ஆய்வொன்று 2008 இல் அறிவித்தது. அத்தொடர்பு சிறிது. அன்புகொள்ளும் ஆற்றலை இயற்கை நல்கலாம். எவரிடத்து அன்புகொள்ளத் தகும் என்பதை வகுப்பது மரபே.

நகர வாழ்வு பெருகக் குடிப்பெயரை அறியாத இளையோரும் பெருகினர். 1980களிலிருந்து இக்கரையில் இரு சமூகங்களும் பூசலால் துன்புற்றன. சமயத்தால் வேறுபட்ட அவ்விரு சமூகமும் தாயையும் மாமனையும் மச்சாளையும் ஒரே முறையில் எண்ணி வாழ்ந்தன என்னும் உண்மை மறக்கற்பாலதன்று. குருதி வேறென்று வாதிடுவோர்க்குக் குடிமுறையின் வரலாறே தக்க மறுமொழியாகும்.