ஏ.சி.யை வாங்கியது யார்? – ஒரு அமெரிக்க வீட்டுக் கணக்கு

ஃபர்னஸ் என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது சேலம் உருக்காலை மாதிரி ஏதாவது ஒன்றுதான். அமெரிக்காவில் அது சாதாரண வீட்டுச் சாமான். தரைக்குக் கீழே இருக்கும் அறையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி நிற்கும். உள்ளே கேஸ் எரிந்து ஓர் இரும்பு அறையைச் சூடாக்கும். ஒரு மோட்டார் விசிறி (ப்ளோயர் என்பார்கள்) வீட்டுக் காற்றை அந்தச் சூட்டின் மேல் தள்ளும். சூடான காற்று தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகும். புகை தனியாகப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே பெட்டியின் தலையில் ஒரு குளிர் சுருளை உட்கார வைத்து, கம்ப்ரஸரை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டால் அதுவே ஏ.சி. ஆகிவிடும். அதே விசிறி, அதே குழாய்கள். குளிர்காலத்தில் கேஸ் எரியும், கோடையில் கம்ப்ரஸர் ஓடும். நம்மூர் மாதிரி அறைக்கு ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டுவது கிடையாது.

இவ்வளவு பெரிய ஏற்பாடு ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எப்படிக் கட்டுப்படியானது? "தொழில்நுட்பம் வளர்ந்தது, விலை இறங்கியது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பி.காம் படிக்கிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அது முழுக்க முழுக்கக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் இயந்திரத்தின் கதை. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகம். கோடை ஈரப்பதத்தில் காகிதம் உப்பிச் சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக விழாமல் தகராறு செய்தது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினியர் ஓர் ஏற்பாட்டை வடிவமைத்தார். ஆக, நவீன ஏ.சி. பிறந்தது மனிதனுக்காக அல்ல, காகிதத்துக்காக! ஈரத்தை எடுப்பதுதான் முதல் வேலை, குளிர்ச்சி கூடவே வந்தது. ஏ.சி.யை இன்றைக்கும் "டன்" கணக்கில்தானே சொல்கிறோம், அது இயந்திரத்தின் எடை இல்லை. அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு. அவ்வளவு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் 1 டன் குளிர்ச்சி, மணிக்கு 12,000 பி.டி.யு. ஐஸ் வண்டிக்காரனின் கணக்கு இன்னும் நம் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் ஏ.சி. வந்த முதல் கதைகளில் ஒன்று 1914-ஐச் சேர்ந்தது. மினியாபொலிஸ் நகரில் சார்லஸ் கேட்ஸ் என்ற கோடீஸ்வரர் கட்டிய மாளிகை. இயந்திரம் 20 அடி நீளம், 7 அடி உயரம். பாவம், அவர் 1913-லேயே இறந்துவிட்டார், அந்தக் குளிரை அனுபவிக்கவே இல்லை. 1929-ல் ஃப்ரிஜிடேர் நிறுவனம் அறைக்கான ஏ.சி. ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவும் பணக்காரர்கள் சமாச்சாரம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் ஜன்னலில் செருகும் பெட்டிகள் சூடு பிடித்தன. 1947-ல் விற்றவை சுமார் 43,000. 1953-ல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆறே வருடம்!

ஆனால் ஜன்னல் பெட்டி ஓர் அறைக்குத்தான். முழு வீட்டுக்கும் வேண்டுமென்றால் குழாய்கள் வேண்டும். அந்தக் குழாய்கள் ஏ.சி.க்காகப் போடப்பட்டவை அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அவற்றைப் போட்டவர் ஃபர்னஸ் மாமா.

பழைய ஃபர்னஸ் நிலக்கரியில் எரிந்தது. 1895-ல் அயோவா மாநிலத்தில் டேவ் லெனாக்ஸ் என்பவர் இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்து ஃபர்னஸ் செய்து விற்க ஆரம்பித்தார். வார்ப்பிரும்பில் செய்ததைப் போல விரிசல் விட்டுப் புகை கசியாது. ஆனாலும் அதிகாலையில் எழுந்து கரி அள்ளிப் போட வேண்டும், சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். சூடான காற்று தானாக மேலே ஏறும் என்ற நம்பிக்கையில், யானைத் தும்பிக்கை மாதிரி தடித்த குழாய்கள் வைத்திருந்தார்கள். 1919-ல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த அலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண், கேஸில் எரிந்து வெவ்வேறு அறைகளுக்குத் தனித்தனியே சூட்டைப் பிரித்து அனுப்பும் ஒரு ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் சட்டத்திருத்தம் அந்த நாட்டில் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பிறகு மின்விசிறி சேர்ந்ததும் குழாய்கள் மெலிந்தன, பெட்டி சிறுத்தது, தரைக்குக் கீழே தனி அறை இல்லாத வீட்டிலும் அலமாரி அளவு இடத்தில் நிற்க முடிந்தது.

சரி, கேஸ் எங்கிருந்து வந்தது? போர்க்காலத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தன. அதனால் டெக்சாஸிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை இரண்டு ராட்சத எண்ணெய்க் குழாய்களை அமெரிக்க அரசு போட்டது. பிக் இன்ச், லிட்டில் இன்ச் என்று பெயர். போர் முடிந்ததும் 1947-ல் டெக்சாஸ் ஈஸ்டர்ன் என்ற கம்பெனி அவற்றை 14 கோடியே 31 லட்சம் டாலர் சொச்சத்துக்கு வாங்கி இயற்கை வாயு அனுப்பத் தொடங்கியது. 1940-ல் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் நிலக்கரிச் சூட்டில்தான் இருந்தன, குழாய் கேஸ் சுமார் 11 சதவீதம். 1970-ல் கேஸ் 55 சதவீதம், நிலக்கரி 3 சதவீதம். அடுப்புக்கரி போய் சிலிண்டர் வந்தபோது நம் பாட்டிமார்களுக்கு எப்படி இருந்திருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும்.

இப்போது காஸ்ட் அக்கவுண்டிங். கேஸ் ஃபர்னஸுக்காகக் குழாயும் விசிறியும் ஏற்கெனவே இருக்கிற வீட்டில் ஏ.சி.க்கு ஆகும் கூடுதல் செலவு என்பது சுருளும் கம்ப்ரஸரும் மட்டும்தான். மார்ஜினல் காஸ்ட் என்று வகுப்பில் படித்தோமே, அதேதான். குழாய் இல்லாத வீட்டில் முழுச் செலவும் ஏ.சி. தலையில் விழும். நியூயார்க் பக்கத்தில் 1947 முதல் லெவிட் கம்பெனி ஆயிரக்கணக்கில் கட்டிய லெவிட்டவுன் வீடுகள் இதற்கு நல்ல உதாரணம். அங்கே சூடாக்க சிமெண்ட் தரைக்குள் செப்புக் குழாய் பதித்து வெந்நீர் ஓடவிட்டார்கள். கட்டும்போது அது மிச்சம் பிடித்த ஏற்பாடு. பின்னால் முழு வீட்டுக்கும் ஏ.சி. வேண்டும் என்றபோது காற்றுக்குழாயே இல்லை, ஜன்னல் பெட்டிதான் கதி.

1954-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஒரு சோதனை நடந்தது. வீடு கட்டுவோரின் தேசிய சங்கம் 22 வீடுகளை ஒரே பகுதியில் கட்டவைத்தது. நடுத்தர வர்க்கத்துக்கான சின்ன வீடுகள். வெவ்வேறு கம்பெனிகளின் ஏ.சி. ஏற்பாடுகளை அவற்றில் மாட்டி, உண்மையான குடும்பங்களுக்கு விற்று, டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடவே இருந்து கணக்கு எடுத்தார்கள். அவர்கள் அலசியது இயந்திரத்தை மட்டுமல்ல, வீட்டையும் சேர்த்துத்தான். கூரை நிறம், சுவரின் வெப்பத்தடுப்பு, மேற்குப் பக்க ஜன்னல், நிழல் எல்லாமே மின்கட்டணத்தை மாற்றும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. சாதாரண வீட்டுக்கும் இது கட்டுப்படியாகும் என்பதுதான் கட்டுநர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட சேதி.

ஆனால் கட்டுநர் நினைத்தால் மட்டும் போதுமா, கடன் கொடுப்பவர் நினைக்க வேண்டாமா? 1934-ல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம்தான் (எஃப்.எச்.ஏ.) வீட்டுக் கடன்களுக்கு அரசுக் காப்பு தந்தது. 1957-ல் அது முழு வீட்டு ஏ.சி.யின் விலையையும் வீட்டுக் கடனுக்குள் சேர்க்க அனுமதித்தது. இந்தக் கதையில் எந்தக் கண்டுபிடிப்பையும்விட இது பெரிய திருப்பம் என்பது என் கட்சி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஏ.சி. 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 10 சதவீத வட்டிக்கு 2 வருடத் தவணை என்றால் மாதம் 46 டாலர். அதையே 25 வருட வீட்டுக் கடனில் 5 சதவீதத்துக்குச் சேர்த்தால் மாதம் 5 டாலர் 85 சென்ட்! விலை ஒரு பைசாகூடக் குறையவில்லை, ஆனால் "மலிவு" ஆகிவிட்டது. மொத்தமாகக் கூட்டினால் 1,755 டாலர் கட்டியிருப்பார். அதிலும் கம்ப்ரஸர் 15 வருடத்தில் மண்டையைப் போட்டுவிட்டால், செத்த இயந்திரத்துக்கு இன்னும் 10 வருடம் தவணை. எங்கள் அக்கவுண்ட்ஸ் பேராசிரியரிடம் இப்படித் தேய்மானம் போட்டுக் காட்டினால் பேப்பரைக் கிழித்துவிடுவார்.

இந்தச் சலுகை எல்லோருக்கும் கிடைத்ததும் இல்லை. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை "ஆபத்தான முதலீடு" என்று முத்திரை குத்தி எஃப்.எச்.ஏ. ஒதுக்கியே வைத்திருந்தது. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்ததே 1968-ல்தான். அலிஸ் பார்க்கரின் இனத்தவரில் பெரும்பாலோர், கேஸ் ஃபர்னஸும் ஏ.சி.யும் சேர்ந்த புது வீட்டைச் சுலபக் கடனில் வாங்க முடியாமல் வெளியே நின்றார்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில். ஏ.சி.யைத் தேர்ந்தெடுத்தது குடியிருப்பவர் அல்ல, கட்டுநர். அவருக்கு வீடு விற்றால் போதும், கரண்ட் பில் அவர் கட்டப்போவதில்லை. ஏ.சி.யின் செலவை ஈடுகட்ட அவர் எதை வெட்டினார்? திண்ணை மாதிரியான முன்தாழ்வாரம், உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல்கள், அகலமான இறவாரம். அதாவது ஏ.சி. இல்லாமலே வீட்டைக் கொஞ்சம் குளிர்வாக வைத்திருந்த அத்தனையையும்! வாங்கும்போது விலை குறைவு. ஆனால் அந்த வீட்டில் இயந்திரம் நின்றால் மூச்சு முட்டும்.

1960-ல் ஏ.சி. இருந்த அமெரிக்க வீடுகள் சுமார் 12 சதவீதம். 1980-ல் பாதிக்கு மேல். நடுவில் 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது, 1977 குளிர்காலத்தில் கேஸ் பற்றாக்குறையால் பள்ளிகளும் ஆலைகளும் மூடப்பட்டன. அதற்குப் பிறகுதான் "வாங்கும் விலை என்ன" என்பதோடு "ஓட்டும் செலவு என்ன" என்ற கேள்வியும் சட்டத்துக்குள் வந்தது. 1987-ல் இயற்றிய சட்டப்படி 1992 முதல் ஃபர்னஸ் எரிக்கும் கேஸில் குறைந்தது 78 சதவீதச் சூடாவது வீட்டுக்குள் வரவேண்டும், ஏ.சி.க்கு சீர் என்ற திறன் எண் 10-ஆவது இருக்க வேண்டும். 2006-ல் அந்த எண் 13 ஆனது. அதே குளிருக்குச் சுமார் கால்வாசி மின்சாரம் குறைவு.

இதில் விலை குறைந்த மாடல் எது என்பது ஊரைப் பொறுத்தது. 80 சதவீத ஃபர்னஸ் ஐந்தில் ஒரு பங்குச் சூட்டைப் புகைபோக்கியில் விடுகிறது. 90-க்கு மேல் உள்ளது புகையிலிருக்கும் நீராவியையும் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடுங்கிக்கொள்ளும். புகை அவ்வளவு ஆறிப்போவதால் பிளாஸ்டிக் குழாயிலேயே வெளியே விடலாம். ஆனால் விலை அதிகம். மினசோட்டா பனியில் அந்த அதிக விலை சீக்கிரம் திரும்பி வந்துவிடும், டெக்சாஸில் திரும்பவே திரும்பாமல் போகலாம். ஏ.சி.யிலோ "பெரிசா இருந்தா நல்லது" என்று அரை டன் கூட்டி வாங்கினால், அது சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரமே இருக்காது. வீடு குளிர்ந்த குகை மாதிரி பிசுபிசுக்கும். கேரியர் 1902-ல் தீர்த்த பிரச்சினையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிய மாதிரி. தள்ளுபடியில் வரும் பழைய சரக்கிலும் ஒரு கண்ணி உண்டு. ஆர்-22 வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் அமெரிக்காவில் 2020-ல் நின்றன. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ-யில் ஓடும் வீட்டு ஏ.சி.களைப் புதிதாகத் தயாரிக்க 2025 முதல் தடை. அடிமாட்டு விலைக்கு வாங்கியவர் பிறகு வாயு நிரப்பும்போது அழுவார்.

வாடகை வீட்டில் இன்னும் சிக்கல். இயந்திரத்தை வாங்குபவர் வீட்டுக்காரர், பில் கட்டுபவர் குடியிருப்பவர். வீட்டுக்காரர் எதற்கு நல்லதை வாங்கப் போகிறார்?

1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலை வீசியபோது வழக்கத்தைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள், ஏழைகள், தனியாக வாழ்ந்தவர்கள். பலரிடம் ஏ.சி. இல்லை. இருந்தும் பில்லுக்குப் பயந்து போடாதவர்களும் உண்டு. குளிர்காலத்தில் பாக்கி இருந்தாலும் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. கோடை வெயிலுக்கு அப்படி ஒரு விதி வைத்திருக்கும் மாநிலங்கள் இன்றைக்கும் அதைவிடக் குறைவு.