வெள்ளமும் கறையானும்

செய்த வேலை அழிவதில் இருவகை உண்டு. ஒன்று ஆரவாரத்தோடு அழிவது. மற்றொன்று செய்தவர் அறியாமலேயே அழிவது. முன்னதற்கு நம் கம்பம் பள்ளத்தாக்கை வாழவைக்கும் பெரியாற்று அணையின் கதையே சான்று.

மேற்கே ஓடும் பெரியாற்றை மலையைத் துளைத்துக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழையது. 1789இல் இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராயச் செய்தார், பொருளின்மையால் நின்றுபோயிற்று. 1808இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல், இது ஆகாத காரியம் என்று ஒதுக்கினார். இறுதியில் 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆகி, 1887இல் ஜான் பென்னிகுவிக் பொறுப்பில் வேலை தொடங்கிற்று. அணைக்குரிய சாந்து சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கலந்தது. அது மெல்லத்தான் இறுகும். மலைக்காய்ச்சலும் மழையும் விட்டுவைத்த மாதங்களிலேயே வேலை நடக்க இயலும். ஆற்றை விலக்க எழுப்பிய தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. நோயால் மாண்ட தொழிலாளர் பலர். ஆயினும் 1895 அக்டோபரில் மாகாண ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார்.

அந்த வெள்ளம் கொடியதுதான். ஆனால் அது மறைவாக வரவில்லை. எது போயிற்று, எது எஞ்சிற்று என்பதைக் கரையில் நின்றோர் கண்ணாரக் கண்டனர். ஆகவே நீர் வடிந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

இரண்டாம் வகை இழப்பைத் தமிழ் படித்தோர் நன்கறிவர். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியின் ஏட்டுச்சுவடியை, தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்ந்த காலத்தில் திருவாவடுதுறையில் கண்டதாக உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். பிள்ளையவர்கள் மறைந்தது 1876இல். பின்னாளில் பழைய நூல்களைப் பதிப்பிக்கப் புகுந்த ஐயர் அதனைத் தேடியபோது கிடைக்கவில்லை. எந்நாளில், எவ்வாறு அது போயிற்று என்று சொல்வாரில்லை. சுவடிகளின் இயல்பே அப்படி. மேற்சட்டமும் கயிறும் வைத்தது வைத்தபடி இருக்கும். உள்ளே கறையான் தன் வேலையை முடித்திருக்கும். அவிழ்த்துப் பார்க்கும் நாள்வரை நூல் நம்மிடம் இருப்பதாகவே நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

இன்று தேனி மாவட்டக் கல்லூரிகளில் கணினி நிரல் பயிலும் மாணவர்க்கு நேர்வது இந்த இரண்டாம் வகையே. நிரல் எழுதும் கருவி இப்போது உலாவியிலேயே கிடைக்கிறது; எதையும் நிறுவ வேண்டியதில்லை, கைப்பேசியே போதும். விடியலில் ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போகும் தாயின் மகளுக்கு, சொந்தக் கணினியில்லாமலே தொழில் கற்க இது வழி திறந்திருக்கிறது. அதன் பெருமையை நாம் குறைத்துச் சொல்லலாகாது.

ஆனால் அவள் தட்டும் எழுத்து முதலில் தங்குவது உலாவியின் தற்காலிக நினைவில். அங்கிருந்து தொலைவிலுள்ள வழங்கிக்குச் சென்று பதிந்த பின்னரே அது நிலைபெறுகிறது. இடையே இணைப்பு அறுந்தாலும், உள்நுழைவின் காலவரம்பு முடிந்தாலும் அந்தப் பதிவு நிகழாது. பல கருவிகள் இதனை எச்சரிக்கும். சில வாய்திறவாமல் இருந்துவிடும். திரையில் எழுத்து இருந்தபடியே இருக்கும், அவளும் எழுதிக்கொண்டே போவாள். நினைவகம் குறைந்த கைப்பேசியோ, வேறு செயலியைத் திறந்து திரும்புவதற்குள் பக்கத்தை விடுவித்து மீண்டும் ஏற்றும். அப்போது தோன்றுவது வழங்கியில் கடைசியாகப் பதிந்த பழைய நிரல். மூன்று மணி நேர உழைப்பு போன இடம் தெரியாது. நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய செய்முறைத் தேர்வுப் பணியாயின், ‘செய்தேன், காணவில்லை’ என்னும் அவள் சொல்லை ஆசிரியர் நம்புவாரா? வெள்ளம் கொண்டுபோனதற்கு ஊரே சாட்சி. கறையான் தின்றதற்குச் சாட்சி கிடையாது. ஓசையற்ற இழப்பு உழைப்போடு, உழைத்தோம் என்பதற்கான சான்றையும் சேர்த்துக் கொண்டுபோகிறது.

இதற்கு ‘கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்று மாணவரையே குற்றம் சொல்வது எளிது, அது முறையன்று. பிழை நேர்ந்தால் உரக்கச் சொல்வது கருவியின் கடமை. சொல்லாத கருவியை வகுப்பில் கட்டாயமாக்கும் நாம், அந்த இழப்பில் மாணவரின் சொல்லை நம்பவும் கடமைப்பட்டவர்கள்.

மாணவர்க்கு நாம் சொல்லக்கூடியதும் ஒன்று உண்டு. வளையாபதி முழுவதும் அழிந்துவிடவில்லை. 72 பாடல்கள் இன்றும் நம் கையில் உள்ளன. அவை மூலச்சுவடி வழியாக வந்தவையல்ல. புறத்திரட்டைத் தொகுத்தவரும் பழைய உரையாசிரியர்களும் தத்தம் ஏடுகளில் எடுத்தெழுதி வைத்தமையால் தப்பியவை. கருவி ‘சேமிக்கப்பட்டது’ என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அரைமணிக்கு ஒருமுறை நிரலைப் படியெடுத்து வேறோர் இடத்தில் வைப்பது அந்தப் பழைய தொழிலின் தொடர்ச்சியே.